பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டில் விருந்தினர்

பிரான்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது என்ன? ஈபெல் கோபுரமும், வாசனைத் திரவியங்களும், நாளொரு வண்ணமாக மாறும் உடுப்பு நாகரிகமுமாகத்தான் இருக்கும். 2004ஆம் ஆண்டில் அரசாங்கப் பாடசாலைகளில் நம் பெண்பிள்ளைகளின் தலைமறைப்பைத் தடை செய்து சட்டம் இயற்றிய நாடு என்ற மனக்கசப்பும் சிலருக்கு எழலாம். அது நியாயமான மனக்கசப்புத்தான். ஆனால் இன்று நான் உங்களை அழைத்துச் செல்வது பாரிஸ் நகரத்துக்கல்ல. அங்கிருந்து ரயிலில் சுமார் மூன்று மணித்தியாலம் தெற்கே சென்று, ஒரு சிறிய நிலையத்தில் இறங்கி, பஸ்ஸும் அரிதாகவே ஓடும் ஒரு நாட்டுப்புறத்துக்கு.

அந்த மாவட்டத்தின் பெயர் குரூஸ். லிமூசான் என்று சொல்லப்படும் பழைய மாநிலத்தின் ஒரு பகுதி அது. எங்கு தோண்டினாலும் கருங்கல். செம்பழுப்பு நிற லிமூசான் இன மாடுகள் மேயும் புல்வெளிகள், கஸ்தானிய மரங்கள், சிற்றோடைகள். 1851ஆம் ஆண்டு அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 287,000 பேர். இன்று 120,000 பேர் கூட இல்லை. மனிதர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்ட ஊரில் வீடுகளின் கதி என்னவாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கூரை ஓடு ஒன்று விலகும். மழை நீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் உழுத்தால் கூரை சரியும். கூரை சரிந்த பின் கருங்கல் சுவருக்கும் ஆயுள் அதிகமில்லை.

அப்படிச் சரிய இருந்த பண்ணை வீடுகள் சிலவற்றில் இன்று யன்னல் திரை அசைகின்றது. கணவனும் மனைவியுமாக இருவர் இருவராக வந்து இரண்டு நாள், மூன்று நாள் தங்கிப் போகின்றனர். தொலைக்காட்சி இல்லை; நீச்சல் தடாகமும் பெரும்பாலும் இல்லை. "சுற்றாடலுக்கு இசைவான தங்குமிடம்" என்று அதற்குப் பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு வீட்டுப் பெண்ணின் கதை இருக்கின்றது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகின்றேன்.

ஆண்கள் ஊரில் இல்லாத வீடுகள்

குரூஸ் மண்ணில் தானியம் அதிகம் விளைவதில்லை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் ஆண்கள் கல் கட்டும் தொழிலுக்குப் போனார்கள். வசந்த காலம் தொடங்கும் மார்ச் மாதமளவில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பாரிஸை நோக்கிப் பல நாட்கள் நடப்பார்கள். குளிர் தொடங்கியதும் ஊர் திரும்புவார்கள். பாரிஸின் பெரிய கட்டடங்கள் பலவற்றில் குரூஸ் கொத்தனார்களின் கை இருக்கின்றது. அவர்களுள் ஒருவரான மார்ட்டான் நாதோ என்பவர் 1830ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சிறுவனாகத் தகப்பனுடன் நடந்து போனவர். பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராகி, தம் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். கொத்தனார்களைப் பற்றி உலகம் அறிவதற்கு அந்தப் புத்தகம் உதவியது.

ஆனால் அந்த எட்டு ஒன்பது மாதங்கள் ஊரில் வேலை நின்றுவிடவில்லையே! மாடு கறக்க வேண்டும், வைக்கோல் வெட்ட வேண்டும், கோதுமையும் கிழங்கும் விளைவிக்க வேண்டும், வயது முதிர்ந்த மாமியாரைப் பார்க்க வேண்டும், பிள்ளையும் பெற வேண்டும். எல்லாவற்றையும் செய்தவர்கள் பெண்கள். வியாபாரத்துக்காக வாப்பாமார் மாதக்கணக்கில் வெளியூரில் இருக்க, வீட்டையும் வளவையும் உம்மாமார் கட்டிக்காத்த கதை நமக்குப் புதிதா என்ன? கொத்தனார் புத்தகம் எழுதினார். அவர் வீட்டுப் பெண்கள் எழுதவில்லை. எழுத நேரமும் இருந்திருக்காது.

பின்னர் முதலாம் உலகப் போர் வந்தது. 1914க்கும் 1918க்கும் இடையில் குரூஸிலிருந்து போன இளைஞர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை. பிரான்ஸில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மாண்டவர் பெயர் பொறித்த கல்லொன்றைக் காணலாம். குரூஸிலுள்ள ஜோன்தியூ என்ற கிராமத்துக் கல் மற்றவைகளைப் போன்றதல்ல. அங்கு வீரன் சிலை கிடையாது. மரக்கட்டைச் செருப்பணிந்த ஓர் அநாதைச் சிறுவன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலை நோக்கி முஷ்டியை நீட்டி நிற்கிறான். போரைச் சபிக்கும் வாசகம் அவனெதிரே பொறிக்கப்பட்டுள்ளது. அதிகாரிகள் பல்லாண்டுகள் அதைத் திறந்து வைக்க வரவே மறுத்தார்களாம். போர் என்ன செய்யும் என்று அறிந்த நாட்டவர்களாகிய நமக்கு அந்தச் சிறுவனைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்தது. பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்தார். மற்றவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போயினர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரான்ஸின் பெருநிலப் பரப்பில் ஏறத்தாழ 490,000 பண்ணைகள் இருந்தன. 2020இல் அது 390,000 ஆகிவிட்டது. பத்தே ஆண்டில் ஒரு இலட்சம் பண்ணை!

பெயரில்லாத உழைப்பு

இங்கே ஒரு விடயத்தை நீங்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். இஸ்லாம் பெண்ணை அடக்கி வைத்திருக்கின்றது என்று மேற்கத்திய எழுத்தாளர்கள் நமக்குப் பாடம் நடத்துவதை அடிக்கடி வாசிக்கின்றோம். பிரெஞ்சுப் பெண்ணின் நிலை எப்படி இருந்தது தெரியுமா? 1804ஆம் ஆண்டு நெப்போலியன் கொண்டுவந்த சட்டக் கோவையின்படி மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவள். அவனது அனுமதியின்றித் தன் சொத்தைக் கூட விற்க முடியாதவள். கீழ்ப்படிய வேண்டும் என்ற விதி 1938இல்தான் நீங்கியது. கணவனின் சம்மதமின்றித் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும், தொழில் செய்யவும் மனைவிக்கு உரிமை கிடைத்தது 1965ஆம் ஆண்டில். ஆம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து!

திருமணத்தின் பின்னும் மனைவியின் சொத்து மனைவிக்கே, அவளது மஹர் அவளுக்கே என்று இஸ்லாம் ஏழாம் நூற்றாண்டிலேயே தீர்த்து வைத்துவிட்டது. நம் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் சொந்தமாக வர்த்தகம் நடத்திய சீமாட்டி. சட்டம் நம்மிடம் இருக்கின்றது. ஆனால் பெண் வீட்டாரிடம் கைக்கூலியும் வீடும் கேட்டு வாங்கும் நமக்கு, பிரெஞ்சுக்காரரைப் பார்த்துச் சிரிக்க எவ்வளவு உரிமை உண்டு என்பது வேறு கதை. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

பண்ணைப் பெண்ணின் நிலை இன்னும் மோசம். விடியலில் எழுந்து மாடு கறப்பவளும் அவளே, கன்றுக்குப் பாலூட்டுபவளும் அவளே; ஆயினும் அரசாங்கப் படிவத்தில் அவளது தொழில் என்ற இடத்தில் "தொழில் இல்லை" என்றுதான் எழுதப்படும். பண்ணை கணவன் பெயரில். மாடு கணவன் பெயரில். ஓய்வூதியமும் கணவன் உழைப்புக்கே. 1980ஆம் ஆண்டுச் சட்டம்தான் மனைவியைக் கூட்டு விவசாயியாக முதலில் ஏற்றுக்கொண்டது. 1985இல் கணவனும் மனைவியும் பங்காளிகளாகப் பண்ணைக் கம்பனி அமைக்க வழி பிறந்தது. பண்ணையில் உழைக்கும் வாழ்க்கைத் துணைக்கு ஓய்வூதியத்துடன் கூடிய ஓர் அந்தஸ்து 1999இல் கிடைத்தது.

அதற்கு முன் அவள் கையில் சொந்தமாகப் புழங்கிய பணம் ஒன்றே ஒன்று. முட்டைக் காசு. கோழியும் முட்டையும் பட்டரும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வரும் சில்லறை வீட்டுக்காரியுடையது என்பது நாட்டுப்புற வழக்கம். உப்பு, நூல், பிள்ளையின் சப்பாத்து எல்லாம் அதிலிருந்துதான்.

முட்டைக் காசிலிருந்து விருந்தினர் அறைக்கு

1951ஆம் ஆண்டில் பிரான்ஸின் தென்கிழக்கிலுள்ள ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், எமில் ஓபேர் என்ற செனட் சபை உறுப்பினரின் முயற்சியால், பண்ணைக் கட்டடமொன்றைத் திருத்தி நகரத்துக் குடும்பங்களுக்கு விடுமுறையில் வாடகைக்குக் கொடுக்கும் திட்டம் ஆரம்பமானது. ஹோட்டலுக்குப் பணம் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு மலிவான விடுமுறை. ஆளில்லாமல் போகும் கிராமத்துக்குச் சிறிது வருமானம். இரண்டும் ஒரே கல்லில். 1955இல் அது நாடளாவிய சம்மேளனமாயிற்று. அப்படி வாடகைக்கு விடும் முழு வீட்டை "ஜீத்" என்பார்கள். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையைக் கொடுத்துக் காலை உணவும் கொடுத்தால் அது "ஷாம்பிர் டோட்", அதாவது விருந்தினர் அறை.

இந்த விருந்தினர் அறைக்குச் சட்டம் உண்டு. ஐந்து அறைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. படுக்கை விரிப்பும் காலை உணவும் வாடகையிலேயே அடங்க வேண்டும். விருந்தினரை வீட்டுக்காரரே வரவேற்க வேண்டும். பெரிய கம்பனிகள் வந்து பண்ணை வீடுகளை வாங்கி நூறு அறை ஹோட்டலாக்கிவிட்டு, "வீட்டு உபசாரம்" என்று பெயர் சூட்டுவதற்கு இதில் இடமில்லை. நல்ல சட்டம் என்றே எனக்குப் படுகின்றது.

பெரும்பாலும் இந்த வேலையைத் தொடங்கி நடத்துபவர்கள் பண்ணை வீட்டுப் பெண்கள். மாட்டு விலை விழுந்த ஆண்டிலும் விருந்தினர் அறைப் பணம் வரும். அந்தப் பணம்தான் பல வீடுகளில் கூரையைத் தாங்கியது. மனைவி வெளியூருக்கு வேலைக்குப் போகாமல், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சம்பாதித்த பணம். ஆனால் இதிலும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. விரிப்புத் துவைத்து, கழிப்பறை கழுவி, விடியற்காலையில் அடுப்பு மூட்டி, மற்றவர் முன் சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும். ஏற்கனவே பாரம் சுமந்தவள் தலையில் இன்னொரு பாரம் என்று சொல்லும் பண்ணைப் பெண்களும் உண்டு. அதையும் மறைப்பதற்கில்லை.

பண்ணையாட்களே இப்படித் தொடங்கியது ஒரு புறமிருக்க, 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் லிமூசானுக்கு வந்து பாழடைந்த வீடுகளை மலிவாக வாங்கித் திருத்தினார்கள். கூரை விழுந்த தொழுவத்தைப் பார்த்து அதற்குள் கட்டில் போட்டுக் கனவு காண்பது வெளியூரானுக்குச் சுலபம். அந்தத் தொழுவத்தில் சாணம் அள்ளியவளுக்குச் சுலபமல்ல. எப்படியோ, வீடுகள் பிழைத்தன.

சுவரும் மூச்சு விட வேண்டும்

இனி வீட்டுக்குள் போவோம். குரூஸ் பண்ணை வீடு நீளமானது. ஒரு முனையில் மனிதர், மறு முனையில் மாடு, எல்லாம் ஒரே கூரையின் கீழ். மேலே வைக்கோல் பரண். குளிர்காலத்தில் மாட்டின் உடற்சூடும் வைக்கோலும் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கும். சுவர் அறுபது, எழுபது சென்ரிமீற்றர் தடிப்பு. இரு பக்கமும் கருங்கல், நடுவே சிறு கல்லும் மண்ணும். கல்லைக் கல்லோடு ஒட்ட வைத்திருப்பது களிமண். நம் கிராமத்து மண்வீடு கட்டியவர்களுக்கு இந்த வித்தை அந்நியமானதல்ல.

பிழை நடந்தது இருபதாம் நூற்றாண்டில். சுவரைப் பலப்படுத்துகிறோம் என்று சீமெந்து பூசினார்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் முன்பு மண் சாந்து வழியாகக் காற்றில் கலந்துவிடும். சீமெந்து அதை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளே தங்கி, சுவர் பூஞ்சணம் பிடித்து, அறை எப்பொழுதும் நனைந்த துணி போல் மணத்தது. ஆகவே இப்பொழுது வீட்டைத் திருத்துபவர்கள் முதலில் செய்வது சீமெந்தைக் கொத்தி எடுப்பதுதான். அதன்பின் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார்கள். குளிரைத் தடுக்க, ஹெம்ப் என்ற நார்ச் செடியின் உலர்ந்த தண்டைத் துண்டு துண்டாக்கிச் சுண்ணாம்புடன் குழைத்துச் சுவரின் உட்புறத்தில் அடைக்கிறார்கள். 1980களில் நோஜோன்-சூர்-சென் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைத் திருத்தும்போது இந்த முறை கையாளப்பட்டு, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவியது.

இந்தச் செடி குரூஸுக்குப் புதிதல்ல. முன்பு ஒவ்வொரு பண்ணையிலும் அதற்கென ஒரு பாத்தி இருந்தது. குளிர்கால இரவுகளில் பெண்கள் அதன் நாரை நூற்றுப் படுக்கை விரிப்பு நெய்விப்பார்கள். மணப்பெண் கொண்டுவரும் சீர்ப் பொருட்களில் முக்கியமானது அந்த விரிப்புக்கள்தான். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலால் பெண்ணின் பெயர் முதலெழுத்துக்களைக் குறுக்குத் தையலில் பொறித்திருப்பார்கள். கனமான, கரடுமுரடான துணி. துவைக்கத் துவைக்க மிருதுவாகும். ஒரு தலைமுறையில் கிழியாது. பழைய அலுமாரிகளில் மடித்தபடி கிடந்த இந்த விரிப்புக்களை இன்று விருந்தினர் கட்டிலில் விரிக்கிறார்கள். வந்து படுப்பவர்கள், இந்த எழுத்து யாருடையது என்று கேட்பதுண்டு. கணவனின் கொள்ளுப்பாட்டி என்ற அளவில்தான் சிலருக்குப் பதில் தெரியும்.

மாட்டுத் தொழுவம் படுக்கையறையாகின்றது. வைக்கோல் வண்டி நுழைந்த பெரிய வாசல் கண்ணாடிக் கதவாகின்றது. தீவனத் தொட்டியைக் கூடச் சிலர் அகற்றாமல் அலமாரியாக வைத்திருக்கிறார்கள். உத்தரத்தில் தகைவிலான் குருவி கூடு கட்டியிருந்தால் அதைக் கலைக்க முடியாது, சட்டம் தடுக்கின்றது. வௌவாலுக்கும் அவ்வாறே. ஆகவே கூரையில் அவை வந்து போக ஒரு துவாரம் விட்டுத்தான் வேலை முடிப்பார்கள்.

ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. கருங்கல் பூமியில் யுரேனியம் சிறிதளவு கலந்துள்ளது. லிமூசானில் யுரேனியச் சுரங்கங்களே இருந்தன; கடைசிச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. இந்த மண்ணிலிருந்து ரேடன் என்ற நிறமும் மணமுமற்ற வாயு கசிந்து வீட்டுக்குள் சேரும். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது இதுதான். சூடு வெளியே போகக் கூடாதென்று வீட்டை இறுக அடைத்தால் ரேடனும் உள்ளேயே தங்கிவிடும். எனவே தரைக்கடியில் காற்றோட்டம், நாள்தோறும் யன்னல் திறத்தல், கருவி வைத்து அளத்தல் இவையெல்லாம் அவசியம். வாசலில் பச்சை நிறப் பலகை தொங்கவிட்டு, இயற்கைச் சவர்க்காரம் வைத்துவிட்டு "சுற்றாடல் வீடு" என்று சொல்வது எளிது. வீட்டுக்காரி ரேடன் அளவைச் சொல்ல முடிந்தவளாக இருந்தால் அந்த வீட்டை நம்பலாம்.

தண்ணீரின் கணக்கு

பிரான்ஸில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குப் பாவிக்கும் நீர் ஏறத்தாழ 150 லீற்றர். அதில் நல்ல பங்கு கழிப்பறைத் தொட்டியில் போகின்றது. குடிக்கத் தகுந்த நீரைச் சுத்திகரித்து, குழாயில் கொண்டுவந்து, மலத்தைத் தள்ளுவதற்கு ஊற்றுகிறோம்! 2022ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்ஸில் கடும் வரட்சி ஏற்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாய் நீர் நின்று, பவுசரில் நீர் கொண்டுபோனார்கள். மழைக்குப் பெயர்போன ஐரோப்பாவிலேயே இந்த நிலை.

ஆகவே இந்தப் பண்ணை வீடுகளில் கூரை மழை நீரைத் தொட்டியில் சேர்த்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பாவிக்கிறார்கள். சில இடங்களில் நீரே இல்லாத மலசலகூடம். பயன்படுத்திய பின் ஒரு கோப்பை மரத்தூள் போட வேண்டும். அது மணத்தை அடக்கி, பின்னர் உரமாகும். குளியலறைக் கழிவு நீரையும் குசினிக் கழிவு நீரையும் சரளைக் கல் நிரப்பி நாணல் நட்ட பாத்திக்குள் விடுகிறார்கள். நாணலின் வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிட, தெளிந்த நீர் மறுபக்கம் வெளியேறும். பார்த்தால் பூந்தோட்டம் போலிருக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு "முத்து" அளவு நீரில், அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரில், வுழூச் செய்ததை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கின்றோம். இன்றைய கணக்கில் ஒரு லீற்றர் கூட வராது. நம் பள்ளிவாசல் குழாயடியில் ஒருவர் வுழூச் செய்து முடிப்பதற்குள் எத்தனை லீற்றர் ஓடிவிடுகின்றது என்று உங்கள் வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே அந்தப் பண்ணை வீட்டுக்காரிக்கு நம் மார்க்கம் தெரியாது. கிணற்றில் கோடையில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது தெரியும்.

இருவருக்கென ஓர் அறை

ஏன் தம்பதியருக்கு மட்டும்? காரணம் பெரும்பாலும் கட்டடத்தின் அளவுதான். பழைய பாண் அடுப்புக் குடிலோ, ஆட்டுத் தொழுவமோ ஒரு கட்டிலுக்கும் இரண்டு நாற்காலிக்கும் மேல் இடம் கொடுக்காது. ஆனால் அதுவே அதன் சிறப்பாகிவிட்டது. தனி வாசல், கதவைத் தாழிட்டால் வெளியுலகம் இல்லை. இரவில் ஊரில் விளக்கே இல்லாததால் நட்சத்திரங்கள் தரைக்கு இறங்கி வந்தாற்போல் தெரியும். பகலில் செய்வதற்கு என்ன உண்டு? நடக்கலாம். காளான் பொறுக்கலாம். ஓபுஸ்ஸோன் என்ற சிறு நகரத்தில் நூற்றாண்டுக் கணக்காக நெய்யப்படும் சித்திரத் துணிகளைப் பார்க்கலாம். யுனெஸ்கோ 2009இல் அந்தக் கைத்தொழிலைப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. மழை பெய்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. இருவரும் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பேச்சு நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கின்றது? கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து விருந்துக்கு மேல் விருந்து. அதன்பின் பிள்ளை, மாமி, மதனி, கடை, கடன். இருபது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் தனியாக இரண்டு மணித்தியாலம் கணவனுடன் நடந்து போகாத சகோதரிகள் நம்மில் ஏராளம். நபி (ஸல்) அவர்கள் பிரயாணத்தின்போது மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டு ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்பதை பயானில் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு ஆண்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கேட்பார்கள்.

இதற்காக எல்லோரும் பிரான்ஸுக்குப் புறப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து பாரிஸுக்கு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் விமானத்தில் போய், மரத்தூள் மலசலகூடத்தில் பத்து லீற்றர் நீரை மிச்சப்படுத்துவதால் சுற்றாடலுக்கு ஒன்றும் நன்மை வந்துவிடாது. இவ்வீடுகள் பாரிஸிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் ரயிலில் வருபவர்களுக்குத்தான் பொருத்தம். ஆனால் உங்களில் சிலரது மகளோ தங்கையோ அந்தப் பக்கங்களில் குடியிருக்கக் கூடும். அவர்களுக்காகச் சில வார்த்தை.

நம்மவர் போனால்

இரவு உணவும் கொடுக்கும் வீடுகளில் வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒரே மேசையில், ஒரே சமையலைச் சாப்பிடுவார்கள். மேசையில் வைன் போத்தல் இருக்கும். இறைச்சி ஹலாலாக இராது. சலாதுக்குள் பன்றி இறைச்சித் துண்டும், குழம்புக்குள் வைனும், சில இனிப்புப் பண்டங்களில் ஜெலற்றினும் இருக்கும். ஆகவே அறை பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. அல்லது குசினியுடன் கூடிய "ஜீத்" எடுத்தால், சட்டி பானையை நன்கு கழுவிவிட்டுச் சொந்தமாகவே சமைத்துக்கொள்ளலாம். ஹலால் இறைச்சிக் கடை நகரங்களில்தான் உண்டு. வரும்போதே வாங்கி வர வேண்டும். காலை உணவில் சிரமம் குறைவு. பாண், பட்டர், தேன், வீட்டு ஜாம், முட்டை. குரூஸில் ஹேசல் கொட்டையை அரைத்து, முட்டை வெள்ளைக் கருவும் பட்டரும் சேர்த்துச் செய்யும் ஒரு கேக் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

கிப்லா அங்கிருந்து தென்கிழக்கு. ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு பத்து மணியளவில்தான் வரும். இஷா நள்ளிரவைத் தொடும். ஸுபஹ் விரைவிலேயே வந்துவிடும். தூக்கம் குறையும் என்பதை எண்ணி மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். கழிப்பறையில் கடதாசிதான் இருக்கும்; ஒரு போத்தல் நீர் கொண்டுபோக வேண்டும். மரத்தூள் மலசலகூடமாயின் நீரை ஊற்றினால் அது கெட்டுவிடும் என்பதால், எங்கே சுத்தம் செய்வது என்று வீட்டுக்காரியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவள் இதைவிட வேடிக்கையான கேள்விகளைக் கேட்டிருப்பாள். தொழ ஒரு மூலை வேண்டும் என்றாலும் சொல்லிவிடலாம். பாடசாலைச் சட்டம் பாடசாலைக்குத்தான்; அவள் வீட்டுக்கல்ல.

இப்படி ஓர் அறையைத் திறக்க விரும்பும் பெண் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். ஊர் மேயரின் அலுவலகத்துக்குப் போய் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டின் விலாசம், அறைகள் எத்தனை, எத்தனை பேர் தங்கலாம், ஆண்டில் எந்த மாதங்கள் என்று கேட்டிருக்கும். அதில் முதலாவதாக, அறையைக் கொடுப்பவரின் பெயர் எழுத ஓர் இடம் இருக்கின்றது. பண்ணையும் மாடும் யார் பெயரில் இருந்தாலும், அந்த இடத்தில் அவள் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, அலுவலகம் கொடுக்கும் பற்றுச்சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, விருந்தினர் வருமுன் விரிப்பை வெயிலில் போட வீட்டுக்குத் திரும்புவாள்.